மாஎஸ்த்ரோ வீட்டு வெருளி

ஓவியர் வீட்டிலை துப்புரவு வேலைக்குப் போறவன் முதல்நாளே கேட்டு வைச்சுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒண்டே ஒண்டுதான்: இதிலை எது குப்பை, எது கலை? நானும் கேட்டனான். "எல்லாம் கலைதான்" எண்டார் மனுசன். அண்டையிலிருந்து எனக்கு வேலை இரட்டிப்பு.

அடுத்தவன் வீட்டு நிலம் துடைச்சு முழங்கால் தேஞ்ச என்ரை இனசனங்களே, உங்களுக்குச் சொல்லாமல் இதை ஆருக்குச் சொல்லுறது? தொண்ணூறுகளின்ரை தொடக்கத்திலை நான் பலெர்மோவுக்கு வந்தனான். பெயர் சிவபாதம். ஊரிலை பதினொரு வருசம் சித்திர வாத்தியார். ஆசிரியர் கலாசாலையிலை முறையாப் படிச்சுச் சான்றிதழ் வாங்கினவன். சான்றிதழ் இடம்பெயர்வோடை போச்சு. இஞ்சை என்ரை பெர்மெசோவிலை, அதுதான் வதிவிட அனுமதியிலை, தொழில் எண்ட இடத்திலை "வீட்டு வேலை" எண்டு அடிச்சு விட்டிருக்கினம்.

பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவிலை ஒரு பெரிய ஓவியர் வீடு. பெரிய கலைஞரை இஞ்சை மாஎஸ்த்ரோ எண்டுதான் கூப்பிடவேணும். அவர் என்னைச் சிவா எண்டுவார். கிழமையிலை அஞ்சு நாள் அவற்றை ஓவியக் கூடத்தையும் தூரிகையளையும் கழுவுறது என்ரை வேலை. நாங்கள் குடியிருக்கிறது போர்கோ வெக்கியோவிலை. அங்கத்தைக் கோயில்பற்றிலை ஒரு கன்னியாஸ்திரி, சிஸ்டர், சனிக்கிழமையிலை பிள்ளையளுக்குச் சித்திரம் படிப்பிக்க ஆள் தேடினவ. நான் போய் நிண்டன். சான்றிதழ் இல்லை எண்டதும், "உங்களுக்குச் சித்திரம் தெரியுமெண்டு தெரிஞ்ச ஆரும் ஒரு கடிதம் தந்தால் போதும்" எண்டா. ஒரு கடிதம். நான் தூரிகை கழுவுற வீட்டிலையே பேர்போன ஓவியர் இருக்கேக்கை, ஒரு கடிதம் என்ன பெரிய காரியமெண்டு நினைச்சன். மொக்கன்.

முகமூடி

மாஎஸ்த்ரோவின்ரை சுவர் முழுக்க ஆப்பிரிக்க முகமூடி. பல்லுத் தேய்க்கிற பிரஷ்ஷாலை ஒவ்வொண்டா நான் துடைக்க, அவர் பின்னாலை நிண்டு பாடம் எடுப்பார். நூறு வருசத்துக்குக் கிட்ட முந்தி பாரிசிலை இருந்த ஓவியர்மார், கப்பலிலை அள்ளிக்கொண்டு வந்த இந்த மாதிரி முகமூடியளைக் கண்டு தலை கிறுகிறுத்து, படிச்ச முறையெல்லாத்தையும் கைவிட்டு, முகத்தைக் கோணலாக்கி, மூக்கைச் சீவி, நிறத்தை மொத்தமா அப்பிப் புதுக்கலை தொடங்கின கதை. எனக்கென்ன தெரியாதே? பத்தாம் வகுப்புக்கு நானே படிப்பிச்ச பாடம். படங்களை நான் குறை சொல்லேல்லை, நல்ல படங்கள். ஆனால் கண்டு திகைச்சவனின்ரை பேர் எல்லாப் புத்தகத்திலையும் இருக்கு, செதுக்கினவனின்ரை பேர் ஒண்டிலையும் இல்லை. அதைச் சொன்னன். "அவைக்குப் பேர் தேவைப்படேல்லை சிவா. அவை பிரிமித்தீவோ" எண்டார். நாகரிகம் படாத ஆதிமனிசர் எண்டு அர்த்தம். சொல்லேக்கை முகத்திலை அப்பிடியொரு பக்தி.

ஒருநாள் கபோ சந்தையிலை மரக்கறி வாங்கப் போனால், மாஎஸ்த்ரோவின்ரை சுவரிலை இருக்கிற முகமூடி ஒண்டின்ரை உடன்பிறப்பு விரிச்ச துணியிலை கிடக்கு. விக்கிறவர் செனகல்காரர். தானே செதுக்கினது எண்டார். கையிலை உளி வெட்டின காயம் ஒன்பதோ பத்தோ. "பிறகேன் இவ்வளவு மண்ணும் அழுக்கும்?" எண்டு கேட்டன். மனுசன் சிரிக்கேல்லை. ஒரு மாதம் மண்ணுக்குள்ளை தாட்டு வைச்சு எடுக்கிறதாம், சப்பாத்து மையும் கொஞ்சம் பூசுறதாம். "உங்கடை பேரைப் பின்னாலை வெட்டி வைக்கலாம்தானே?" எண்டு கேட்டன்.

"பேர் போட்டால் ஆரும் தொடமாட்டினம் அண்ணை, செய்தவன் செத்துப்போயிருக்கவேணும், அதுதான் அவைக்கு விருப்பம்."

கதிரை

கடிதம் கேட்ட அண்டைக்கு மாஎஸ்த்ரோ நல்ல மனநிலையிலை இருந்தார். "அட, நீ கீறுவியே? கீறு, பாப்பம்" எண்டு ஒரு தாளும் கரிக்கட்டையும் தந்தார். கரிக்கட்டையைக் கையிலை பிடிச்சன். எத்தினை வருசத்துக்குப் பிறகு! கூடத்து மூலையிலை ஒரு பழைய பிரம்புக் கதிரை. அதைக் கீறினன். கிட்ட இருக்கிற கால் பெரிசா, தூர இருக்கிற கால் சின்னனா, கோடெல்லாம் ஒரு புள்ளியை நோக்கிப் போக, யன்னல் வெளிச்சம் விழுந்த பக்கம் வெளிறி, மற்றப் பக்கம் நிழல் இறங்க. பிரம்புப் பின்னலிலை அறுந்துபோன ரெண்டு இழையையும் விடேல்லை. இருபது நிமிசத்திலை முடிச்சு நிமிர்ந்தன். பொய் சொல்லக்கூடாது, எனக்கே என்ரை கையிலை காதல் வந்திட்டுது.

மாஎஸ்த்ரோ அதைப் பார்த்த பார்வை இருக்கே, பழஞ்சோத்திலை பல்லியைக் கண்ட மாதிரி. இத்தனைக்கும் அவருக்கு என்னைவிட வடிவாக் கீறத் தெரியும். சின்ன வயசிலை கீறின கதிரை, குதிரை, தாயின்ரை முகம் எல்லாம் அலுமாரிக்குள்ளை இருக்கு, நான்தான் தூசு தட்டுறனான். படிச்சதை மறக்கவேணுமெண்டு முப்பது வருசமா இடக்கையாலை கீறுறார். அவர் படிச்சு மறக்கலாமாம். நான் படிச்சிருக்கவே கூடாதாம். எனக்கு உச்சியிலை ஏறிச்சுது. வாளியைத் தூக்கினன். அவர் என்ரை தோளிலை கை வைச்சு, உண்மையான துக்கத்தோடை கேட்டார்:

"பாவம் சிவா, ஆர் உன்னை இப்பிடிப் பழுதாக்கினது?"

இடது கால்

மாஎஸ்த்ரோவைப் பார்க்க ஒரு விமர்சகர் அம்மா வருவா. பத்திரிகையிலை எழுதிறவ, கழுத்திலை பெரிய பெரிய மரமணி. அண்டைக்கு நான் கோப்பித் தட்டோடை வர, நெருப்பைச் சுத்தி ஆடுற ஆதிமனிசர் படத்துக்கு முன்னாலை என்னை நிப்பாட்டி, "உன்ரை மனசிலை என்ன தோணுது, யோசிக்காமல் சொல்லு" எண்டா. நான் யோசிச்சுத்தான் சொன்னனான். வாத்தியார் புத்தி போகுமே? "இந்த ஆறு பேருக்கும் ரெண்டு காலும் இடது கால்" எண்டன். பிழை திருத்தினது, வேறொண்டுமில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை கீறியிருந்தால் சிவப்புப் பேனையாலை சுழிச்சு விட்டிருப்பன். மாஎஸ்த்ரோ வெடிச்சுச் சிரிச்சார். அம்மா பையைத் திறந்து கொப்பியை எடுத்து நான் சொன்னதை அப்பிடியே எழுதினா. பதினொரு வருசம் பரீட்சைத் தாள் திருத்தின கண்ணைப் பார்த்து அவ சொன்னது:

"எவ்வளவு கள்ளமில்லாத கண், இன்னும் ஒண்டும் படியாத கண்!"

வெருளி

என்ரை மனுசி சரோவுக்கு அப்ப ஆறாம் மாதம். ஏழு வருசத்துக்குப் பிறகு தங்கின பிள்ளை. கீழ்வீட்டு சினியோராவிலிருந்து எங்கடை சனம் வரைக்கும் வாறவை போறவையெல்லாம் வயித்தைப் பார்த்து ஏதோ சொல்லிப்போட்டுத்தான் போவினம். "இஞ்சாருங்கோ, கண்ணூறு படப்போகுது. பல்கனியிலை ஒரு வெருளி கட்டித் தாங்கோ" எண்டா. வெருளி தெரியும்தானே? ஊரிலை வீடு கட்டேக்கையும் தோட்டத்திலையும் கட்டுவமே, கோரமான பொம்மை. பாக்கிறவையின்ரை கண்ணெல்லாம் அதிலை விழுந்து, எங்கடை பொருள் தப்பும். எனக்கு உதிலை நம்பிக்கை இல்லை. ஆனால் ஏழு வருசம் காத்திருந்தவளுக்கு முன்னாலை பகுத்தறிவு பேச நான் ஆர்?

வீட்டிலை இடமில்லை. அதாலை மாஎஸ்த்ரோவின்ரை முற்றத்திலை மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலை செய்தன். அதுதான் நான் விட்ட பிழை. அடிப்பிடிச்ச கறிச்சட்டியிலை கரி பூசி, சுண்ணாம்பாலை முழிக் கண்ணும் வெள்ளைப் புள்ளியும் வைச்சு, பல்லுக் கீறி, சிவப்புத் துணியிலை நாக்குத் தொங்கவிட்டு, சரோ முழங்காலிலை ஒட்டுப்போட்டுத் தைச்ச என்ரை பழைய களிசானுக்குள்ளை கபோவிலை எடுத்த வைக்கோலை அடைஞ்சு கொடியிலை காயக் கட்டினன். மத்தியான உறக்கத்திலையிருந்து எழும்பி வந்த மாஎஸ்த்ரோ அதைக் கண்டார். அப்பிடியே முழங்காலிலை இருந்திட்டார். "தொடாதை! தொடாதை சிவா!" எண்டு கத்துறார், நான் செய்ததை என்னையே தொடவேண்டாமாம். வாற கண்காட்சிக்கு இரவலாத் தா எண்டார். நான் தயங்க, "திறப்பு விழா முடிஞ்ச திங்கட்கிழமை உன்ரை கடிதம் ரெடி" எண்டார். கடிதமெண்ட சொல்லிலை விழுந்தன். வெறுங்கையோடை வீட்டை வந்தன். சரோ கதையை முழுக்கக் கேட்டா. வயித்திலை கையை வைச்சுக்கொண்டு கேட்டா:

"என்ரை பிள்ளையைக் காக்க வேண்டியதை ஒரு கடிதத்துக்கே குடுத்தனீங்கள்?"

திறப்பு விழா

விழா பின்னேரம் ஆறு மணிக்கு. எனக்கு வெள்ளைக் கோட்டுப் போட்டுக் கையிலை வைன் தட்டைத் தந்தினம். மண்டபத்துக்கு நடுவிலை, வெள்ளைப் பீடத்திலை, நாலு விளக்கு வெளிச்சத்திலை நிக்குது என்ரை களிசான். கீழை அட்டை. மாஎஸ்த்ரோவின்ரை பேர், அதுக்குக் கீழை "பிரிமித்தீவோ, எண் மூண்டு." எண் ஒண்டும் ரெண்டும் எங்கை போச்சுதெண்டு ஆரும் கேட்கேல்லை. கோட்டுப் போட்ட மனுசர் சரோ தைச்ச ஒட்டுக்குக் கிட்டக் குனிஞ்சு, ஊசிப் போக்கைக் காட்டி, ஆதித்தாயின்ரை கை எண்டு கதைக்கினம். ஆதித்தாய் அந்நேரம் போர்கோ வெக்கியோவிலை குசினிக்குள்ளை புட்டு அவிச்சுக்கொண்டிருக்கிறா.

பொறுத்தன். பொறுத்துப் பொறுத்துப் பாத்தன். மரமணி அம்மா தட்டிலையிருந்து கிளாசை எடுக்கேக்கை என்னையறியாமலே வாய் திறந்திட்டுது. "சினியோரா, உது நான் செய்தது. களிசானும் என்ரைதான்." கிட்ட நிண்டவையெல்லாம் மாஎஸ்த்ரோவைப் பாத்தினம். பேயறைஞ்ச மாதிரி நிப்பாரெண்டு நான் நினைக்க, மனுசன் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடிச்சார். வைன் என்ரை கோட்டிலை ஊத்துப்பட்டுது. எல்லாரையும் பார்த்து அவர் சத்தமாச் சொன்னதுக்கு மண்டபமே கை தட்டிச்சுது. ஒரு நொத்தாரிசின்ரை மனுசி அந்த உணர்ச்சியிலேயே வெருளியை வாங்கி, விலைப்பட்டதெண்டு அட்டையிலை ஒரு சிவப்புப் பொட்டையும் ஒட்டுவிச்சா. மாஎஸ்த்ரோ சொன்னது இதுதான்:

"கை அவன்ரை, கண் என்ரை!"

கடிதம்

சொன்ன சொல்லுத் தவறேல்லை. திங்கட்கிழமை கடிதம் வந்துது. தடிச்ச தாள், அரக்கு முத்திரை. ஒட்டின கடிதத்தைப் பிரிக்கிறது மரியாதை இல்லையெண்டு, சலவைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு அப்பிடியே சிஸ்டரிட்டைக் கொண்டுபோனன். அவ கண்ணாடியைப் போட்டுச் சத்தமா வாசிச்சா. "இந்த மனிதன் ஒரு நாளும் சித்திரம் படிக்கவில்லை. எந்தப் பள்ளிக்கூடமும் இவன் கையைத் தீண்டவில்லை. கோடு என்றால் என்ன, அளவு என்றால் என்ன என்று அறியாத தூய கை. அதுவே இவனது பெருமை." கீழை மாஎஸ்த்ரோவின்ரை பெரிய கையெழுத்து.

பதினொரு வருசம். ஆயிரக்கணக்கான பிள்ளையளின்ரை கையைப் பிடிச்சுக் கோடு பழக்கின கை. இடம்பெயர்வு கடதாசியைத்தான் கொண்டுபோனது. இந்தாள் படிப்பையே கொண்டுபோட்டார். சிஸ்டர் நல்ல மனுசி, நோகாமல் சொல்லத்தான் பாத்தா. கடிதத்தை நாலா மடிச்சு என்ரை கையிலை வைச்சா:

"சினியோரே, இதிலை உங்களுக்குக் கீறத் தெரியாதெண்டெல்லோ புகழ்ந்து எழுதியிருக்கு."

சொல்வதெழுதல்

அடுத்தநாள் காலமை, கடிதம் சட்டைப் பையிலை, தும்புத்தடி கையிலை. இண்டைக்கு ரெண்டிலை ஒண்டு பாக்கிறதெண்டு போனால் கூடத்திலை மாஎஸ்த்ரோவோடையும் அவற்றை மனுசியோடையும் இருந்து நொத்தாரிசின்ரை மனுசி கோப்பி குடிச்சுக்கொண்டிருக்கிறா. வெருளியைச் சாப்பாட்டு அறையிலை, மேசைக்கு நேரை நிப்பாட்டியிருக்கிறாவாம். "உங்கடை ஆக்கள் இதை எப்பிடிக் கும்பிடுறவை?" எண்டு ஆசையாக் கேட்டா. நான் உள்ளதை உள்ளபடி சொன்னன். உது கும்பிடுற சாமான் இல்லை சினியோரா. வெளியிலை கட்டுறது. ஊரவையின்ரை கண்ணூறு எல்லாத்தையும் தனக்குள்ளை வாங்கிறது. வாங்கி முடிஞ்சால் வீட்டுக்குள்ளை எடுக்கிறேல்லை, தூரக் கொண்டுபோய்க் கொளுத்துறது. "அண்டைக்கு மண்டபத்திலை எத்தினை சனம் பாத்தது? அவ்வளவு கண்ணும் இப்ப உங்கடை மேசையிலைதான் இருக்குது." இவ்வளவுந்தான் சொன்னன். ஒரு சொல்லும் பொய் இல்லை.

மனுசியின்ரை கோப்பை தட்டிலை கடகடவெண்டுது. மாஎஸ்த்ரோவின்ரை மனுசி ரெண்டு விரலைக் கொம்பு மாதிரி நீட்டி நிலத்தைக் காட்டினா. கண்ணூறுக்கு இஞ்சத்தைச் சனம் செய்யிற காவல் அது. மாஎஸ்த்ரோ? ஆதிமனிசரின்ரை பயத்தைப் பற்றி எனக்கு ஒரு வருசமாப் பாடம் எடுத்த மனுசன், கையைக் களிசான் பைக்குள்ளை விட்டுத் திறப்புக் கோர்வையிலை கண்ணூறுக் காவலுக்குத் தொங்கிற சிவப்புக் கொம்பை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். முகத்திலை ரத்தம் இல்லை. மூண்டு கிழமை உந்த வெருளி அவற்றை கூடத்திலையும் இருந்ததெல்லோ! நம்பாத ஆள் அந்த அறையிலை நான் ஒருத்தன்தான்.

"எடுத்துக்கொண்டு போ சிவா, உங்கடை முறைப்படி என்ன செய்யவேணுமோ செய்" எண்டார். "செய்யிறன். அதுக்கு முதல் இருங்கோ. கதிரையை மேசைக்குக் கிட்ட இழுங்கோ. தாள் எடுங்கோ. சொல்வதெழுதல்." எனக்கு அந்தக் குரல் எங்கையிருந்து வந்துதோ தெரியாது, வகுப்பறைக் குரல். சொன்னன், எழுதினார். "இவர் சித்திர ஆசிரியர். முறையாகக் கற்றவர். பதினொரு வருடம் கற்பித்தவர். கண்காட்சியில் வைத்த மூன்றாம் எண் இவர் செய்தது." அந்தக் கடைசி வரியிலை பேனை நிண்டுது. நொத்தாரிசின்ரை மனுசி "எழுது!" எண்டு கத்தினா. எழுதினார். என்ரை முழுப்பேரையும் எழுத்தெழுத்தாச் சொல்லி எழுதுவிச்சன். வாசிச்சுப் பாத்துப்போட்டுத்தான் மடிச்சன். பிறகு நொத்தாரிசு வீட்டை போய் வெருளியை எடுத்துக் கடற்கரைக் கல்லுகளுக்கு நடுவிலை வைச்சுக் கொளுத்தினன். கறிச்சட்டி மட்டும் வெடிச்சுது. திரும்பி வந்தால் மாஎஸ்த்ரோ வாசலிலேயே நிக்கிறார், கை இன்னும் பைக்குள்ளை.

"களிசான் முழுக்க எரிஞ்சு முடிஞ்சதுதானே சிவா?"

சனிக்கிழமை

சிஸ்டரிட்டை ரெண்டாவது கடிதத்தைக் கொண்டுபோனன். இந்தமுறை ஒட்டின கடிதமில்லை. கூடவே முதல் கடிதத்தையும் அந்தப் பிரம்புக் கதிரைப் படத்தையும். மாஎஸ்த்ரோ வீட்டுக் குப்பைக் கூடைக்குள்ளை நான் கண்டெடுத்தது, அந்த வீட்டிலை குப்பை எண்டு அவர் ஒத்துக்கொண்ட ஒரே சாமான். படத்தைச் சிஸ்டர் கனநேரம் பாத்தா. பிறகு கரும்பலகைக்குக் கீழை இருந்த வெண்கட்டிப் பெட்டியை எடுத்து நீட்டினா. வாங்கேக்கை விரல் நுனியிலை வெள்ளைப் பொடி ஒட்டிச்சுது. நான் அழேல்லை எண்டு சொன்னால் நீங்கள் நம்பவேணாம். வெளியிலை போர்கோ வெக்கியோப் பிள்ளையளும் எங்கடை பிள்ளையளும் கலந்து, இத்தாலியனும் தமிழும் குழைச்சுக் கத்திக்கொண்டு நிக்குதுகள். சிஸ்டர் ரெண்டு கடிதத்தையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சுப் பாத்து, என்னை நிமிர்ந்து பாத்து, மனம் நிறைஞ்சு பாராட்டினா:

"ஒரே ஒரு கிழமையிலை இவ்வளவு வடிவாக் கீறப் பழகிப்போட்டியளே, கெட்டிக்காரர்!"

ஆக என்ரை சகோதரங்களே, பதினொரு வருசப் படிப்பிப்பாலை இஞ்சை வாங்க ஏலாத வாத்தியார் பேரை எனக்கு வாங்கித் தந்தது ஒரு ஒட்டுப்போட்ட களிசானும் ஒரு அடிப்பிடிச்ச கறிச்சட்டியும்தான், அதுகும் மாஎஸ்த்ரோ பயந்த பயத்தாலை!